வகுப்பறையில் கேமரா: பெற்றோரிடம் எதற்கு, எப்படிக் கேட்பது?

கேள்வி:

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பாடம் நடத்துவதைக் கைபேசியில் பதிவு செய்து என் யூடியூப் சேனலில் போடுவது வழக்கம். மற்ற பள்ளி ஆசிரியர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வகுப்பிலும் செய்து பார்ப்பதாகச் சொல்கிறார்கள். சென்ற மாதம் கடன் வாங்கிக் கழித்தல் பாடத்தைப் போட்டேன். 402-இல் இருந்து 157-ஐக் கழிக்க வந்த ஒரு மாணவி, நடுவில் இருந்த பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டாள். நான் மெல்ல எடுத்துக்கொடுக்க, கடைசியில் தானே சரியாகப் போட்டாள். நல்ல வீடியோ என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுடைய அப்பா பள்ளிக்கே வந்து, “யாரைக் கேட்டு எம்பிள்ளையப் போட்டீங்க?” என்று எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டார். தலைமை ஆசிரியரோ, “சேர்க்கைப் படிவத்திலேயே போட்டோ, வீடியோவுக்குச் சம்மதம்னு கையெழுத்து வாங்கியிருக்கோம், கவலைப்படாதீங்க” என்கிறார். பெற்றோரில் பலர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? சட்டப்படி நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோ இன்னும் சேனலில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உடனே அழிக்க மனமில்லை என்றால் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். ‘அன்லிஸ்டட்’ போதாது, இணைப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை எப்போதும் பார்க்கலாம். அப்புறம் நீங்களே அந்த அப்பாவுக்குப் போன் செய்து, எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். எந்தெந்த வாட்ஸாப் குழுக்களில் அனுப்பினீர்கள், அங்கே அழித்தாயிற்றா, யாராவது ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் அது உங்கள் கைக்கு எட்டாது என்பது உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. மறுநாள் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லிவிடுங்கள். அப்பா வந்து சத்தம் போட்டதற்குத் தான்தான் காரணம் என்று ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

அவர் ஏன் அப்படிக் கோபப்பட்டார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கும்போது வீடியோ அவள் ஜெயிப்பதில் முடிகிறது. அவருக்குக் கண்ணில் பட்டது, மகள் பலகை முன்னால் விடை தெரியாமல் நின்ற நேரம். தெருவில் யாரோ ஒருவர், “உம்பொண்ணு போன்ல வந்துச்சே, கணக்கு வரலியாமே” என்று கேட்டிருந்தால் போதும். அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி, பாட்டைச் சேர்த்து, ஸ்டேட்டஸில் வைக்க இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். வகுப்பில் தப்பாகச் சொல்லிப் பார்ப்பது பிள்ளையின் உரிமை. தப்பாகச் சொன்னால் அது நான்கு சுவருக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது வாயைத் திறக்கிறது. கேமராவுக்குப் பயந்து கை தூக்காத வகுப்பில் உங்கள் கடன் வாங்கிக் கழித்தலை யாருக்குச் சொல்லித் தருவீர்கள்?

நீங்கள் பதிவு செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. தன் வகுப்பைத் தானே திரும்பப் பார்க்கிற ஆசிரியர் வளர்கிறார். எந்த வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வியே கேட்கவில்லை, எங்கே அவசரப்பட்டோம் என்பதைப் பதிவு காட்டிவிடும். பள்ளிகளில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், நான்கு வேறு வேறு காரியங்களை ‘வீடியோ எடுக்கிறோம்’ என்ற ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் மட்டும் பார்த்துத் திருத்திக்கொள்ள எடுப்பது ஒன்று. சிஆர்சி எனப்படும் குறுவள மையத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டத்திலோ பயிற்சியிலோ சக ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டுவது இன்னொன்று. வகுப்புப் பெற்றோரின் வாட்ஸாப் குழுவில் பகிர்வது மூன்றாவது. ஊர் உலகம் பார்க்க யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுவது நான்காவது. முதலாவதற்கு மனதாரச் சம்மதிக்கிற அம்மா நான்காவதற்குச் சம்மதிக்க மாட்டார். அவரிடம் பொதுவாக ‘வீடியோ’ என்று மட்டும் கேட்டால், அவர் ஒன்றை நினைத்துத் தலையாட்டுவார், நீங்கள் இன்னொன்றைச் செய்வீர்கள். அதனால் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் போய்க் கேட்க வேண்டாம். கல்வியாண்டின் தொடக்கத்தில் முதல் மூன்றுக்கும் சேர்த்து ஒருமுறை கேட்டால் போதும். நான்காவதற்கு மட்டும், பிள்ளையின் முகமோ குரலோ தெரிகிற ஒவ்வொரு வீடியோவையும் போடுவதற்கு முன் பெற்றோருக்கு அனுப்பிக் காட்டிவிடுங்கள். இதை எந்தச் சட்டமும் இப்படி வகுத்துச் சொல்லவில்லை. என் அபிப்பிராயம் இது. ஆனால் இந்தப் பழக்கம் இருந்திருந்தால் உங்கள் வாசலில் அந்தச் சத்தம் கேட்டிருக்காது.

சரி, சட்டத்துக்கு வருவோம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் அதில் தனிநபர் தரவு. முகமும் குரலும் அதில் அடக்கம். 18 வயது நிரம்பாத எல்லாரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் குழந்தைகள், ஆகவே பிளஸ் டூ மாணவர்களும் உண்டு. 9-ஆம் பிரிவு, குழந்தையின் தரவைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனைக் கெடுக்கக்கூடிய விதத்தில் தரவைக் கையாளவே கூடாது என்றும் சொல்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அந்த அறிவிக்கையின்படி, ஒப்புதல் தொடர்பான பிரிவுகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன, அதாவது 2027 மே. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அது உச்ச வரம்பு. பெரிய நிறுவனங்களையும் மனதில் வைத்து எழுதிய தொகை. அதை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

விதிகளில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்த விலக்கு, பள்ளியின் கல்விப் பணிக்காகவோ பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவோ அவர்களைக் கண்காணிப்பதற்கு மட்டும்தான். வருகைப் பதிவு, கற்றல் நிலையைக் குறித்து வைப்பது, வராந்தாவில் சிசிடிவி போன்றவற்றுக்கு அது உதவும். ஓர் ஆசிரியரின் சொந்த சேனலுக்கு அது குடையாகாது. சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கும் சட்டம் பொருந்தாதுதான். ஆனால் உலகமே பார்க்கும்படி போட்ட ஒன்றைச் சொந்தப் பயன்பாடு என்று வாதாட நான் துணிய மாட்டேன்.

இன்னொரு சட்டத்தை நீங்கள் இப்போதே கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை (அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தை) ஆகியோரின் பெயர், முகவரி, படிக்கும் பள்ளி, அடையாளம் தெரியும் எந்த விவரமும் ஊடகத்தில் வெளிவரக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் வகுப்பில் குழந்தைகள் இல்லத்தில் தங்கிப் படிக்கிற பிள்ளை இருக்கலாம். போக்சோ வழக்கு நடந்துகொண்டிருக்கிற பிள்ளையும் இருக்கலாம். அது உங்களுக்குத் தெரியாமலே இருக்கும், தெரியக் கூடாது என்பதுதான் முறை. சட்டத்தின் வரையறைக்குள் வராத சங்கடங்களும் உண்டு. அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து தப்பி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வந்து புதிதாகப் பள்ளியில் சேர்த்திருக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். சீருடை, சுவரில் பள்ளியின் பெயர், ‘கார்த்திகா, நீ சொல்லு’ என்று உங்கள் குரல். பிள்ளை எங்கே இருக்கிறது என்று தேடுகிறவனுக்கு வேறெதுவும் வேண்டாம். அந்த அம்மா ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்வார், காரணம் சொல்ல மாட்டார். நீங்களும் காரணம் கேட்கக் கூடாது.

இனி தலைமை ஆசிரியர் சொன்ன சேர்க்கைப் படிவம். ஜூன் மாதத்தில் அந்தக் கையெழுத்து எப்படி விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெற்றோர், ஆதார் நகல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். ‘இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு’ என்று விரலால் காட்டுகிற இடத்தில் போடுகிறார். போடாவிட்டால் சேர்க்கை கிடைக்காதோ என்ற பயம் வேறு. 2023 சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஒப்புதல் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் தெரிந்தும், நிபந்தனை இல்லாமலும் தரப்பட வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சேர்க்கைப் படிவத்தின் ஒற்றை வரி இதில் எதையும் நிறைவேற்றவில்லை. அதை நம்பி நீங்கள் நிற்க முடியாது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் அல்ல. சுவீடனில் ஷெலெஃப்டியோ நகராட்சியின் ஓர் உயர்நிலைப் பள்ளி, 22 மாணவர்களின் வருகையை முகமறி கேமரா வைத்துப் பதிவு செய்து பார்த்தது. ஒப்புதல் வாங்கித்தான் செய்தார்கள். ஆனாலும் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்றுதான் நமக்கு முக்கியம்: பள்ளியின் கை ஓங்கியிருக்கும் உறவில், அங்கே படிக்கிறவர்கள் கொடுத்த ஒப்புதலைச் சுதந்திரமானது என்று கொள்ள முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்த, சட்டம் தெரிந்த பெற்றோர் இருக்கும் நாட்டிலேயே நிலைமை அப்படி என்றால், உங்கள் பள்ளியில்? ‘டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று சொல்லும் அம்மாவால் உங்களிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவீர்களோ என்று அவர் பயப்படுவார். ஆகவே கையெழுத்து வாங்குவதோடு உங்கள் வேலை முடியவில்லை. அவர் கூச்சமில்லாமல் ‘வேண்டாம்’ என்று சொல்ல வழி செய்து கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதுதான்.

அதை எப்படிச் செய்வது? பெற்றோர் கூட்டத்தில் எல்லாரையும் உட்கார வைத்துக் கை தூக்கச் சொல்லாதீர்கள். உதவித்தொகைப் படிவம், விலையில்லா நோட்டுப் புத்தகம் கொடுக்கிற நாளில் இதையும் சேர்த்து நீட்டாதீர்கள். கூட்டத்தில் விளக்கிச் சொல்லி, நீங்கள் முன்பு எடுத்த வீடியோ ஒன்றை, பிள்ளைகளின் முகம் தெரியாத ஒன்றை, போட்டுக் காட்டுங்கள். துண்டுச் சீட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரு வாரம் கொடுங்கள். சீட்டு திரும்பி வரவில்லை என்றால் அதற்குச் சம்மதமில்லை என்றே அர்த்தம். ‘மறுப்புத் தெரிவிக்காதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படும்’ என்ற வரியை எங்கும் எழுதாதீர்கள்.

சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“வணக்கம். நான் உங்கள் பிள்ளையின் நான்காம் வகுப்பு ஆசிரியை. சில நாள் வகுப்பில் பாடம் நடக்கும்போது என் கைபேசியில் வீடியோ எடுக்க நினைக்கிறேன். கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சரி அல்லது வேண்டாம் என்று குறியுங்கள்.
நான் மட்டும் பார்த்து என் பாடத்தைத் திருத்திக்கொள்வதற்கு.
மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியில் காட்டுவதற்கு.
நம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போடுவதற்கு.
யூடியூபில் போடுவதற்கு. இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்து வைத்துக்கொள்ளலாம். போடும் முன் உங்களிடம் காட்டுவேன்.
வேண்டாம் என்று குறித்தால் உங்கள் பிள்ளையின் படிப்பிலோ மதிப்பெண்ணிலோ எந்த மாற்றமும் இருக்காது. இன்று சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றாலும் இந்த எண்ணில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்துவிடுவேன். வீடியோக்களைக் கல்வியாண்டு முடிந்ததும் என் கைபேசியிலிருந்து அழித்துவிடுவேன்.”

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இதையே உங்கள் குரலில் வாட்ஸாப்பில் அனுப்புங்கள். அவர்கள் குரலிலேயே பதில் வரட்டும். அந்தக் குரல் பதிவே சான்று. யார் பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எண் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. ஏற்கெனவே கையில் உள்ள நம்பகமான விவரத்தை வைத்துப் பெற்றோரைச் சரிபார்க்கலாம் என்று விதிகளே இடம் தருகின்றன. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ செங்கல் சூளையிலோ இருக்க, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த வழி ரொம்ப உதவும். பாட்டியின் கைநாட்டை வாங்கி வைத்துக்கொள்வது போதாது. சட்டப்படி ஒப்புதல் தர வேண்டியவர்கள் பெற்றோர் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலர். குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளை மட்டும் வெளியில் போடும் எந்த வீடியோவிலும் சேர்க்கவே வேண்டாம். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் வேண்டாம்.

‘வேண்டாம்’ என்ற சீட்டு வந்த பிள்ளையை என்ன செய்வது என்பதில்தான் நல்ல ஆசிரியர்களும் சறுக்குகிறார்கள். “வீடியோல வராதவங்க எல்லாம் அந்தப் பக்கம் போய் உட்காருங்க” என்று ஒருமுறை சொன்னால் போதும், வகுப்பு இரண்டாகிவிடும். மறுநாளே அந்தப் பிள்ளை வீட்டில் அழுது சம்மதம் வாங்கி வரும். அப்படி வந்தது சம்மதமே இல்லை. பிள்ளைகளை நகர்த்த வேண்டாம், கைபேசியை நகர்த்துங்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஸ்டாண்ட் வைத்து, பலகையும் நீங்களும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தால், முன்னால் இருப்பவர்களின் பின்னந்தலையும் ரிப்பனும்தான் விழும். கணக்குப் பாடத்துக்குப் பலகையின் மேல் கையை மட்டும் எடுத்தால் போதும். 402-ஐ அடித்து, 4-ஐ 3 ஆக்கி, பூஜ்ஜியத்தைப் பத்தாக்கி, அந்தப் பத்தை 9 ஆக்கி, கடைசி 2-ஐ 12 ஆக்குகிற அந்தச் சின்ன விரல்களைத்தான் மற்ற ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். முகம் யாருக்கும் தேவையில்லை. பலகையின் மூலையில் எழுதியிருக்கும் பள்ளி, வகுப்பு, வருகை விவரத்தை அழித்துவிட்டு எடுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் நோட்டு அட்டையின் பெயரும் பிரேமில் விழாமல் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடங்களில் ஒலியை வெட்டிவிடுங்கள். ஆசிரியர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

பெற்றோர் சரி என்றாலும் பிள்ளையிடமும் கேளுங்கள். 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையையும், அந்தரங்கத்தில் தலையீடு இல்லாத உரிமையையும் குழந்தைக்கே தருகிறது. “இன்னைக்கு எடுக்கலாமா, உனக்கு வேண்டாம்னா சொல்லு” என்று கேட்க அரை நிமிஷம் ஆகாது. அழுகிற பிள்ளை, திட்டு வாங்குகிற பிள்ளை, தூங்கி விழுகிற பிள்ளை, கிழிந்த சட்டையோடு வந்த பிள்ளை: இவர்கள் வந்த பகுதியை யார் சம்மதித்திருந்தாலும் போடாதீர்கள். மாணவரைக் கேலிப்பொருளாக்கும் வீடியோ, கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு தடை செய்யும் மனரீதியான துன்புறுத்தல் ஆகிவிடும் என்பதே என் கருத்து. உங்களிடம் அந்தச் சிந்தனை இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் சிரிப்பு வரவழைக்கவே பிள்ளைகளின் உளறலைப் போடுகிற சேனல்கள் பெருகிவிட்டன. அவற்றை நடத்துகிறவர்களும் ஆசிரியர்கள் என்பது எனக்கு வருத்தம்.

உங்கள் கைபேசி ‘கூகுள் போட்டோஸ்’ கணக்கோடு தானாக ஒத்திசைகிறதா என்று பாருங்கள். அதில் உங்கள் வீட்டார் யாருக்கெல்லாம் அணுகல் இருக்கிறது, பழுது பார்க்கக் கடையில் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதும் பெற்றோரின் கவலைதான். வகுப்புப் பதிவுகளுக்குத் தனி மெமரி கார்டு வைத்துக்கொள்வது நல்லது. சேனலில் விளம்பர வருமானம் வருகிறது என்றால் அது வேறு விவகாரம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி வேண்டுமா என்பதை வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். பணம் வருவதைச் சீட்டில் பெற்றோருக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

தலைமை ஆசிரியரோடு மோத வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கச் சொல்லுங்கள். பள்ளியில் யார், எதற்கு, எந்தக் கருவியில் எடுக்கலாம், யார் கேட்டால் எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிவிட்டால் அது உங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் குழுவின் தீர்மானம் ஒவ்வொரு பெற்றோரின் தனிச் சம்மதத்துக்கு ஈடாகாது. அதைத் தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, சேனலில் ஏற்கெனவே இருக்கும் பழைய வீடியோக்கள். எல்லாவற்றையும் இப்போதைக்கு ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பலகை மட்டும் தெரிகிறவற்றை ஒலியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி வெளியிடலாம். பிள்ளைகள் தெரிகிறவற்றில், இப்போது உங்கள் பள்ளியிலேயே படிப்பவர்களின் பெற்றோரிடம் புதிய சீட்டின்படி கேட்டு வாங்குங்கள். படிப்பை முடித்துப் போனவர்கள், ஊர் மாறிப் போனவர்கள் இருக்கிற வீடியோக்களில் முகத்தை மங்கலாக்கும் வசதி யூடியூப் ஸ்டூடியோவிலேயே இருக்கிறது. குரலால் அடையாளம் தெரியும் என்று தோன்றினால் நீக்கிவிடுங்கள். சில நூறு பார்வைகள் குறையும். போகட்டும்.